மூன்று விரல் இடைவெளி

மார்ச் 4

கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தால் என் சமையலறை பாதி அதற்குள் இருக்கிறது. காணாமல்போன வடிகட்டி. கெட்டில் மூடி. பாட்டில் ஒன்றின் குறுக்கே என் மரக்கரண்டியைச் செருகி, மேலே கம்பி கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். இந்தக் கரண்டிக்காக ஒரு வாரம் அவரோடு மல்லுக்கு நின்றேன். வாய் பேச முடியாத புருஷனோடு! கல்லுளிமங்கன் மாதிரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டு நாலு நாள் ஆகிறது.

மார்ச் 5

பாட்டிலும் கரண்டியும் எதற்கென்று இன்றைக்குத்தான் உறைத்தது. துளை வழியாகத் தானியம் கசிந்து கரண்டிக் குழியில் நிற்கும். குருவி காம்பில் உட்கார்ந்து தின்னும். வலது கை விழுந்தவர், இடது கையால் ஆணியைச் சுட்டுத் துளை போட்டிருக்கிறார். எப்போ செஞ்சார்? நான் கடைக்குப் போயிருந்தப்பவா?

மார்ச் 7

எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள், தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அவர் அறை ஜன்னல் திறந்து கிடக்கிறது. மூன்றாவது மாடி. பாதி உடம்பு வெளியே. இடுப்பைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். மோதிரத்தால் கட்டிலைத் தட்டினார். பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து அதுதான் அவருக்குக் குரல். ஒரு தட்டு என்றால் 'வா' அல்லது 'ஆமாம்'. இரண்டு தட்டு என்றால் 'இல்லை'. அன்றைக்கு நிறுத்தவே இல்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளை டேப் நாலைந்து துண்டு ஒட்டிக் கிடந்தது. வெறி பிடித்தவள் மாதிரி உரித்துப் போட்டேன்.

"குதிக்கப் பார்த்தாரா?" என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினேன். மகள் அழுதாள். "உன்னால ஒண்டியா முடியாதும்மா. ஒரு மாசம் இல்லத்துல இருக்கட்டும், அப்புறம் நிரந்தரமா எழுதிக் கொடுத்துடலாம்." 31ஆம் தேதி கையெழுத்து.

முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தேனே. என்னை விட்டுட்டுப் போகப் பார்த்தாரே. அப்படி என்னய்யா செஞ்சேன் நான்?

மார்ச் 10

மீதியை நானே செய்து முடித்தேன். வடிகட்டிக்கு மூன்று பக்கமும் கம்பி. கெட்டில் மூடியைத் தலைகீழாகக் கட்டினால் அழகான தட்டு. எல்லாவற்றையும் அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். ஏன் செய்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 12

ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. என் சமையலின் பெருமை ஊருக்கே தெரிந்துவிட்டது போல.

மார்ச் 14

வந்துவிட்டன! ஏழு. சரியான சண்டைக்காரக் கூட்டம்.

மார்ச் 15

தையல் மிஷினில் இருந்தேன். அவர் அறையிலிருந்து டொக். ஒரே ஒரு தட்டு. "இதோ வரேன்" என்று எழுந்தே விட்டேன். போனால் வெறும் கட்டில்.

மார்ச் 16

இன்றும்.

மார்ச் 18

மூன்று தடவை. பயந்துபோய் இல்லத்துக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார்மா, ஜன்னலையே பார்த்துட்டு இருக்கார்" என்றாள் நர்ஸ். உயிரோடு இருக்கிற மனுஷன் இங்கே வந்து எப்படித் தட்டுவார்? மகளிடம் சொன்னேன். "உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா?" என்றாள். விளையாட்டுக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறையைப் பூட்டிவிட்டேன். பூட்டின அறைக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்.

மார்ச் 21

போய்ப் பார்த்தேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டார்கள். "நாள் பூரா தட்டறார், மத்தவங்க தூங்க முடியல" என்று உறையில் போட்டுக் கொடுத்தார்கள். விரலில் வெள்ளைத் தடம்.

அவர் என் கையைப் பிடித்தார். மூன்று விரலைச் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்தார். நகர்த்தி, மறுபடி வைத்தார். மறுபடியும். என்ன கேக்கறீங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே. ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 22

மோதிரம் மேஜை மேலே, என் கண்ணெதிரே இருக்கிறது. உள்ளே டொக்.

மார்ச் 24

இன்று சத்தம் கேட்டதும் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கண்ணாடியில் பொடி பூசினாற்போல ஒரு அச்சு. விரித்த சிறகு, இறகு இறகாக. வெளி விளிம்பில் குருவி. கழுத்து திரும்பியிருந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. மற்றவை தெருவில் விழுந்திருக்கும்.

முப்பது வருஷம் பெரிய பெரிய கட்டிடங்களுக்குக் கண்ணாடி மாட்டினவர் அவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "கண்ணாடியில வானம் தெரியுதுல்ல, நிஜ வானம்னு நினைச்சு வந்து அடிச்சுக்குது. காலையில கூட்டி அள்ளறோம். வெளிப்பக்கம் கோடு கோடா டேப் ஒட்டினா வராது." நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டினேன்.

கோடு ஒட்டத்தான் எட்டினார். குதிக்க இல்ல. முதல்ல கோடு, அப்புறம்தான் தீனி. பாவி நான், கோட்டை உரிச்சுட்டுத் தீனியைத் தொங்கவிட்டேன். எத்தனை டொக் கேட்டேன்? ஐயோ, எத்தனை?

மார்ச் 25

எல்லாவற்றையும் கழற்றினேன். அவருடைய பழைய கூட்டாளியைக் கூப்பிட்டேன். கண்ணாடிக் கதவை உள்ளே இறக்கி வைத்து, மூன்று விரல் இடைவெளி அளந்து அளந்து டேப் ஒட்டினோம். அப்புறம்தான் தீனியை மறுபடி தொங்கவிட்டேன். ஜன்னலுக்கு இரும்புக் கம்பியும் போட்டுக் கொடுத்தார். "ஒத்தைக் கையால எட்டி ஒட்டினாரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே அண்ணி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவர் கட்டிலைத் தட்டினார்.

மார்ச் 31

கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்குக் கூட்டிப்போகிற தாளில். மகள் முறைத்தாள். பிறகு அவளே அவர் பெட்டியைத் தூக்கினாள். மோதிரத்தை நான் அவர் விரலில் மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2

டொக். மிஷினை விட்டு ஓடினேன். இன்னமும் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். குருவிகள் கரண்டியில் அடித்துக்கொண்டிருந்தன. அவர் நாலாவது கோட்டைக் காட்டினார். கோணலாம். இடைவெளி இரண்டு விரல்தான் இருக்கிறதாம். வந்த இரண்டாம் நாளே மேஸ்திரி வேலை!

முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். "அன்னிக்கு என்னை விட்டுட்டுப் போகப் பார்த்தீங்களா?"

டொக்.

ஒரு தட்டு என்றால் ஆமாம். திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கையும் இப்போது தளர்ந்திருக்கிறது, இரண்டாவது தட்டுக்குத் தூக்க நேரம் பிடிக்கிறது.

டொக்.