ஓரத்தில் பிதுங்கும் பசை

புதுச்சேரி
12.8.2004

பரிமளா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மறுநாளே கம்பெனிக்குப் போய்விட்டேன். இப்போது காற்றாலை இறக்கையின் இரண்டு பாதிகளை ஒட்டும் இடத்தில் வேலை. கீழ்ப் பாதியில் நீளமாகப் பசை பூசி, மேல் பாதியைக் கிரேனில் இறக்கி மூடுவோம். மூடியபின் உள்ளே ஒன்றும் தெரியாது. ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். பிதுங்காத இடத்தை, இறுகியபின் ரூபாய்க் காசால் தட்டிப் பார்ப்போம். ஒட்டாத இடம் பொத்தென்று கேட்கும்.

பிள்ளையைப் புதைத்த இடத்தில் பால் ஊற்றிவிட்டு வந்த அன்று உன் அம்மா எல்லோர் முன்னாலும், "மாப்ள கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாருங்க" என்றார்கள். நீயும் என்னைப் பார்த்தாய். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். பசை நெடி இப்போது மூக்கில் ஏறுவதே இல்லை.

நேற்று இறக்கையைத் தட்டிக்கொண்டே வந்த செல்லப்பன் அண்ணன் என் முதுகிலும் தட்டி, "வூட்டுக்குப் போயிட்டு வாடா தம்பி" என்றார். போய்விட்டுத்தானே வந்திருக்கிறேன் என்றேன்.

ஆண்டிமடத்தில் அம்மா வீட்டிலேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. சிறுவாச்சூரில் நம் வீட்டைப் பூட்டும்போது உன் அண்ணன் தூளியை அவிழ்க்கச் சொன்னார். முடிச்சு இறுகிப்போய்விட்டது, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் முடிச்சில் கையே வைக்கவில்லை. நீ வந்தபின் இரண்டு பேருமாக அவிழ்ப்போம்.

இப்படிக்கு,
கவியா அப்பா