நீ குறுக்கே அடித்த கோடு

இன்று பீரோவை ஒழிக்கும்போது அந்தத் தாள் கையில் அகப்பட்டது. நம் சமரச மையத்தில் நான் எழுதி, நீ குறுக்கே கோடு அடித்த ஒப்பந்தம். அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். உன் மேலிருந்த கோபத்தில் வைத்துக்கொண்டேன். இப்போது, அடிப்பாவி, உன் கைப்பட என்னிடம் இருப்பது அந்த ஒரு கோடுதான்.

குடவாசல் பக்கத்து டிராக்டர் டிரைவர், நினைவிருக்கிறதா? குடித்துவிட்டுப் பத்து வயது மகளை அடித்ததால், பிள்ளையைக் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். "இனிமே கை வைக்க மாட்டேங்க" என்று அழுதார். மனைவி தலையாட்டினாள். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் குழந்தைகள் நல அதிகாரியும் சரி என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டோம் என்று கையெழுத்து வாங்கப் போனேன்.

நீதான் தாளை இழுத்தாய். "நீங்க மாறுவீங்க, நம்புறேன். மாறாத அன்னிக்குப் பிள்ளை எந்த வீட்டுக்கு ஓடும்? அதைச் சொல்லுங்க."

"சேர்ந்து இருக்கலாம்னு வந்தா, அபசகுனமா பேசுறீங்களே!" என்று டிரைவர் எகிறினார். கோடு அடித்துவிட்டு எழுந்தாய். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்துவிட்டாயே என்று வராந்தாவில் வைத்து உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

"பெரியவங்க சமாதானமாயிட்டாங்கடி. பிள்ளைக்கு அதுல என்ன இருக்கு?" என்றாய்.

அங்கே பெஞ்சில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். வரப்புத் தகராறில் அண்ணனோடு பேச்சு அறுந்து நாலு வருஷம். பிள்ளைக்கு என்ன முடிவாகிறதோ என்று வந்தவள், உள்ளே வராமல் வெளியிலேயே இருந்தாள். உன் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தாள். "என் வீடு வாய்க்காலுக்கு அந்தாண்டதாங்க. ஓடி வரட்டும்." அவளை உள்ளே கூட்டிப் போனோம். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமலே "எழுதிக்குங்க" என்றார்.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன் அந்தக் கேள்வியை நான்தான் கேட்கிறேன். நீ கேட்டால் பயப்படுவார்கள், நான் கேட்டால் மழுப்புகிறார்கள். பக்கத்தில் நீ இல்லாமல் எனக்கு முடியவில்லையடி.

போன மாதம் அந்தத் தங்கை வந்திருந்தாள். அண்ணன் மறுபடி குடித்திருக்கிறார். கை ஓங்குவதற்குள் பிள்ளை வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அத்தை வீட்டுக்கு ஓடிவிட்டாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதிகாரிக்கும் சொல்லியாயிற்று, இப்போது அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். இதை உன்னிடம் சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். "அந்த இன்னொரு அம்மா எங்கங்க?" என்று கேட்டாள்.

நீ கண் மூடி எட்டு மாதம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவளிடம் மட்டும் வாய் வரவில்லை. "உட்காருங்க, வந்துருவாங்க" என்றேன். அவளோடு நானும் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.