எண்ணெய் சிந்திய வளைவு

ஆவணி 8, ஞாயிறு.

அந்த வளைவு குமாரைக் கவுக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். கம்பெனியில அவன் என் சூப்பர்வைசர். போன வாரம் லைன்ல எல்லார் எதிரிலயும், "பெருசு, உனக்கு ஞாயித்துக்கிழமை கொடி ஆட்டுறதுதான் சரி"ன்னான்.

இன்னிக்கு ரேஸ் டிராக்குக்குப் புது பைக்கோட வந்தான். அதே வளைவுல நான்தான் கொடிக்காரன். பெரிய ரேஸ்காரனே என்னைப் பாத்துதான் அங்க பிரேக் பிடிப்பான். முன்னாடி போன வண்டி எண்ணெய் சிந்திட்டுப் போச்சு. அதுக்கு மஞ்சள் சிவப்புக் கோடு போட்ட கொடி ஆட்டணும். குமார் சறுக்கி மண்ணுல உருண்டான். தோள் எலும்பு போச்சு.

"இன்னா சார், வூட்டுக்குப் போவலாமா?"ன்னேன்.

"கொடி ஏன் காட்டல?"ன்னு முனகினான்.

கை வலிக்க ஆட்டினேன், சார்தான் பாக்கலன்னு அதிகாரிங்ககிட்ட அடிச்சுச் சொன்னேன். பொண்டாட்டிக்கு நடிச்சே காட்டினேன்.

ஆட்டல. முதுகுக்குப் பின்னாடி பிடிச்சிக்கினு இருந்தேன்.