பூவம்மாவின் குரலில் ஓர் எச்சரிக்கை

எண்ணூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள ரமாபாய்க்கு,

ஜெய்பீம். நானும் மாயாவும் பூவம்மா அக்காவும் நலமாக இருக்கிறோம். முதலில் இதை இரண்டு முறை படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி. செவ்வாய்க்கிழமை நடந்ததைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். நீ அங்கே பின்லாந்தில் அழுதாய், நானும் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று மாயாவுக்குப் பள்ளி விடுமுறை. நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். அக்கா மார்க்கெட் முனையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மாயா மாடி வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது நமக்கு வடக்கே இருக்கிற தொழிற்சாலையில் குழாய் உடைந்து அமோனியா கசிந்துவிட்டது. சங்கு ஊதினார்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஊதுகிற அதே சங்குதானே, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "பொதுமக்கள் உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு" என்று நீளமாகப் போனது. நான் துறைமுகத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னதான் செய்யச் சொல்கிறார்கள் என்று மட்டும் புரியவில்லை.

அந்த நேரத்தில் குடியிருப்போர் சங்கத்து ஃப்ரெடி நீ ஆய்வுக்காகச் செய்த எச்சரிக்கை ஆப்பைத் திறந்திருக்கிறார். நீ அக்காவை ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிந்தாயே, அதில் காற்றடிக்கும் பக்கத்தைப் பார்த்துச் சரியானதை அழுத்தினார். உன் ஆய்வில் சேர்ந்த எல்லா வீட்டுப் போனிலும் ஒரே சமயத்தில் அக்கா கத்தியிருக்கிறாள்: "ஏய், காஸ் லீக்காயிட்ச்சி. இன்னா பாத்துகினு கீறே? துணிய நனச்சி மூக்குல கட்டு. கீய எறங்கி கடல் பக்கமா நட. யாரையும் தேடிகினு நிக்காத."

வீட்டில் கிடந்த உன் பழைய போனிலும் அது வந்திருக்கிறது. அத்தை திட்டுகிறாள் என்று நினைத்து மாயா எழுந்தாளாம். பள்ளிச் சட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டு தஸ்னீம் கையைப் பிடித்துக் கீழே இறங்கிவிட்டாள். பிளாக்கே கடலைப் பார்த்து நடந்திருக்கிறது.

அக்கா மட்டும் மீன் கூடையைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். வழியெல்லாம் போன்களில் அவள் குரலே அவளைத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறது. "என் கொரலு சொல்றத நானே கேக்கல அறிவு, புள்ள மேலே கீதேன்னு காலு அந்தப் பக்கமே போச்சு" என்றாள். தெருமுனையில் எதிரே வந்த மாயாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் கடற்கரைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாயா என்னைப் பார்த்ததும், "அத்தை எப்பிடிப்பா எல்லார் போன்லயும் பூந்துச்சி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கண்ணெரிச்சல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஆப் இல்லாத பக்கத்துத் தெருவில் சிலர் மயங்கி விழுந்தார்கள். அவர்களும் இப்போது வீடு திரும்பிவிட்டார்கள்.

உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர்கள் என்ன எழுதியிருந்தார்கள் என்று சொன்னாயே: இந்தப் பேச்சு கொச்சை, அவசர அறிவிப்புக்குப் பொருந்தாது, ஒரே பேட்டையில் செய்த ஆய்வு வேறெங்கும் செல்லாது. அங்கே பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கான குழுவும் உன் எழுத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றுதான் கேட்கிறது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். பழகிய குரலென்றால் மனிதர்கள் யோசிக்காமல் அசைவார்கள் என்று நீ எழுதியது நம் குழந்தையை நடக்கவைத்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்து விசாரித்தார்கள். மணலிக்கும் கத்திவாக்கத்துக்கும் அந்தந்த ஊர்க்காரர் குரலிலேயே இந்த எச்சரிக்கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். குழு கூப்பிட்டால் வீடியோவில் வந்து பேசத் தயார் என்று ஃப்ரெடி சொல்லச் சொன்னார். அக்காவும் தயார். அவளை அடக்கிப் பேசச் சொல்ல என்னால் முடியாது.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்காதே ரமா. இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். குளிரில் வேளை தவறிச் சாப்பிடாதே. நீ எப்போது வருவாய் என்று மாயா தினமும் கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

என்றும் உன்,
அறிவு