பிரேக் இல்லாத வண்டிகள்

மே 14
உயிரோடிருக்கிறேன். இரண்டாவது வளைவில் வழுக்கி, பந்தயப் பாதையின் நடுவில் மல்லாந்து கிடந்தேன். பின்னாலேயே வில்லாட்ஸ். எங்கள் மண்தரைப் பந்தய மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. என்மேல் ஏறாமலிருக்க ஒரே வழி, வண்டியோடு தானும் விழுவதுதான். விழுந்தான். எனக்குச் சிராய்ப்பு. அவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

டென்மார்க் அணியில் மீதமிருப்பது ஒரே இடம். போட்டி எங்கள் இருவருக்குள். அவன் நேராக வந்திருந்தால் — ஐயோ, வேண்டாம்.

மே 16
ஆஸ்பத்திரி. வில்லாட்ஸைப் பார்க்கப் போனேன். "யோவ் பெருசு, அழுது தொலைக்காத. சொதப்பினவன் பீர் வாங்கணும், அதான வழக்கம்? ஒரு பெட்டி. மட்டமான சரக்கு வேணாம்" என்றான்.
இரண்டு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 3
ரிக்கெ கேட்டாள்: "அவன் கட்டுப் பிரிக்கறதுக்குள்ள அணித் தேர்வு வந்தா, அது உன் தப்பா?" என் மனைவி, மெக்கானிக்கும் அவள்தான். தப்பில்லை. ஆனாலும் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். முப்பத்தெட்டு வயது. நாட்டுக்காக ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. வேண்டும் எனக்கு அந்த இடம். ரொம்ப வேண்டும்.

ஜூலை 20
வில்லாட்ஸ் கைக்கட்டைப் பிரித்துவிட்டான். நன்றி, நன்றி. யாருக்குச் சொல்கிறேன்?

ஆகஸ்ட் 23
தேர்வுப் பந்தயம். இருவருக்கும் சமப் புள்ளி. முடிவுசெய்ய, எங்கள் இருவருக்கு மட்டும் இன்னொரு ஓட்டம். அந்நேரம் பார்த்து அவன் இன்ஜின் மண்டையைப் போட்டது. மாற்று வண்டியும் இல்லை. நான் தனியாகச் சுற்றி வந்தாலே போதும், இடம் எனக்குத்தான்.

"ரிக்கெ, நம்ம ரெண்டாவது வண்டியை அவனுக்குக் குடு."
"பைத்தியமா உனக்கு?" என்று முறைத்தாள். பிறகு அவளே கிளட்சைத் தளர்த்தினாள், அவன் மணிக்கட்டு நோகக் கூடாதாம்.
வில்லாட்ஸ் ஏறி உட்கார்ந்தான். "பெருசு, தோத்தா என்னைத் திட்டக் கூடாது."
"முதல்ல ஓட்டுடா."

நான்கு சுற்றிலும் என் வண்டியே என் முகத்தில் மண்ணை வாரி அடித்தது. கடைசியில் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன்; அரைச் சக்கர நீளத்தில் தோற்றேன். வலிக்குது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே வலிக்குது.

ஆகஸ்ட் 25
வில்லாட்ஸ் போன் செய்தான். "உங்க வண்டியைத்தான் ஓட்டப் போறேன். அந்த இன்ஜினோட கோளாறு குணமெல்லாம் உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மெக்கானிக்கா போலந்துப் பந்தயத்துக்கு வாங்கய்யா."

செப்டம்பர் 12, போலந்து
வாழ்க்கையில் முதன்முறையாக டென்மார்க் சட்டை போட்டேன். முதுகில் அவன் பெயர். "உனக்குப் பொருத்தமா இருக்கு" என்றாள் ரிக்கெ. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பிவிட்டேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.