கேன் தண்ணீரிலும் அமோனியா

பிப்ரவரி 3, திங்கள்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் மீன் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குழாயில் ஒரு மருந்துப் பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு, இன்னொன்றிலிருந்து எட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு. மஞ்சளாக நின்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. இன்றும் பச்சைதான். பாட்டில்களோடு வந்த நிற அட்டைப்படி அமோனியா அளவு அரை. பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், பதினோராவது நாளாக. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னையே பார்க்கின்றன. காப்பாற்றுகிறேனா, கொல்கிறேனா?

குழாயில் தண்ணீர் வருவதோ ஐந்து நாளுக்கு ஒருமுறை. இவர் இன்று கத்தியேவிட்டார். "நமக்குக் குளிக்கத் தண்ணியில்ல, மீனு தினமும் குளிக்குதா? ஞாயித்துக்கெழம பிரபாகர் வந்து தொட்டியோட தூக்கிட்டுப் போகட்டும்." மீன்கடை பிரபாகரும் போனில், "தண்ணி செட் ஆகலீங்க அக்கா, இங்கயே கொண்டாந்து உட்டுருங்க" என்கிறார்.

வேதியியல் பட்டம் வாங்கியவள் நான். சும்மா விடுவேனா?

பிப்ரவரி 4

ஒரே மக்கில் மொண்ட தொட்டித் தண்ணீர், மூன்று சோதனைக் குழாய். அரை, அரை, கால். மூன்றாவதைப் பார்க்கும்போது மட்டும் வெயில் மறைந்திருந்தது. ஒரே தண்ணீர் எப்படி இரண்டு பதில் சொல்லும்? யாரோ பொய் சொல்கிறார்கள் — சந்தோஷமாக இருக்கிறது!

பிப்ரவரி 6

மகள் ரைசாவைக் கல்லூரிக்குக் கிளம்ப விடாமல் பிடித்துக்கொண்டேன். "எந்தத் தண்ணின்னு எனக்குச் சொல்லாம ஊத்து." அவள் நான்கு குழாய்களில் ஊற்றி, அவள் அத்தா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் சைஸ் லேபிள்களை ஒட்டினாள்: S, M, L, XL. நான்கையும் பார்த்து 'அரை' என்று எழுதினேன்.

"அம்மா! L-உம் XL-உம் நம்ம குடிக்கிற கேன் தண்ணி!"

தொண்டையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்து செத்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி. அப்படியானால் தண்ணீரில் குற்றமில்லை. என்னிடமா? எங்கே?

மீன் தீனியை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். அது அழுகி நிஜமாகவே கெடட்டும்; உண்மையான அமோனியா என்ன நிறம் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட வந்தவர், நான் தண்ணீர் சோதிக்கும் ஜன்னலோரம் நின்றுவிட்டார். பனியன் கம்பெனியில் துணியின் கலர் சரியா என்று பார்த்து ஓகே செய்வதுதான் இவர் வேலை.

"ஏம்புள்ள, இந்த வெள்ளத் துணிய எதுக்குப் பின்னால தொங்கவுட்டிருக்க?"

சோதனைக் குழாய்க்குப் பின்னால் வெள்ளையாக இருந்தால்தானே நிறம் தெரியும்? அதனால் இவர் கொண்டுவந்த புதுத் துணியையே கட்டியிருந்தேன்.

"இது எக்ஸ்போர்ட் வெள்ள. வெயிலு பட்டா நீலமடிக்கும். மஞ்சளக் கொண்டாந்து வெச்சா பச்சையாட்டந்தான் தெரியும். கலர் பாக்கற எடத்துல இத உள்ளயே உடமாட்டம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், தொட்டியைக் காப்பாற்றியதே தான்தான் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது!

துணியை உருவி எறிந்தேன். அந்த இடத்தில் வெறும் நோட்டுத்தாள். மஞ்சள். ஆறு முறை பார்த்தேன், ஆறும் மஞ்சள். சமையலறைக்குக் குதித்துக்கொண்டே போனேன். நாற்பத்துநாலு வயது!

பிப்ரவரி 8

தண்ணீர் மாற்றவில்லை. மீன்கள் இரண்டும் வெளியே வந்து தீனி தின்றன.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரபாகர் பெரிய பெட்டியோடு வந்தார். தொட்டித் தண்ணீர் மஞ்சள், தீனி அழுகிய தண்ணீர் கரும்பச்சை. இரண்டையும் நோட்டுத்தாளில் காட்டினேன். "ஏனுங்கக்கா, கடைல நானே வெள்ள பனியனப் போட்டுக்கிட்டு, நெஞ்சுக்கு நேராப் புடிச்சுத்தானுங்களே பாக்கறேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். டீ குடித்தார். வெறும் பெட்டியோடு போனார்.

"தண்ணியும் மிச்சம், தொல்லையும் உட்டுது," என்று இவர் நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

ஆனால் மீன்கள் ஒளிந்தது தினமும் தண்ணீர் மாற்றியதாலா? ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரே மாதிரி இரண்டு வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இவருடைய சாம்பிள் பீரோ நிற்கும் இடத்தை மத்தியானம் இவர் தூங்கும்போது அளந்தேன். மூன்றடி. பிரபாகர் கடையில் இரண்டரை அடித் தொட்டி ஒன்று இருக்கிறது. புதன்கிழமை இவர் கம்பெனிக்குப் போனதும் எடுத்து வரச் சொல்லப்போகிறேன்.