வீட்டு மாடிக்கு மேல் வட்டமடிப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பறத்தல் கழகத்தின் பாதுகாப்புச் செயலாளராகிய பல் மருத்துவரின் மனைவி,
பச்சைக் கம்பிக் கதவு போட்ட மாடி வீடு,
ஓடுதளக் கிழக்குத் தெரு.

பெறுநர்:
வட்டாரப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
சிறு விமானங்கள் பிரிவு.

பொருள்: வரும் ஞாயிறு நடக்கவிருக்கும் நினைவுப் பறப்பைத் தடை செய்யவும், கழக உறுப்பினர்கள் தத்தம் வீட்டுக்கு மேல் தாழ்வாக வட்டமடிக்கும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரவும், என் கணவரின் பறக்கும் உரிமத்தைச் சிறிது காலம் தங்கள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளவும் வேண்டுதல்.

பார்வை: சென்ற ஆண்டு அஞ்சலிக் கூட்டத்தில் தாங்கள் ஆற்றிய தலைமையுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நான் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு பள்ளி விடுமுறை, பிறகு கணவர் கண்ணில் படாமல் உட்கார்ந்து எழுத நேரமில்லை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைக்கான பாதுகாப்புக் கூட்டத்தைக் கழகத்தில் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசி முடித்து வீடு வருவதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

2. என் கணவரைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டு வேளையும் பல் துலக்குகிறேன் என்று சொன்ன எந்த நோயாளியையும் அவர் நம்பியதில்லை. 'ஒரே ஒரு மிட்டாய்தான் டாக்டர்' என்று சொல்பவர்களிடம், எல்லாப் பல்லும் அந்த ஒரே ஒரு மிட்டாயில்தான் போகிறது என்பார். வார இறுதிகளில் கழகத்தின் நான்கு இருக்கை விமானத்தை ஓட்டுகிறார். புதிய உறுப்பினர்களுக்கு 'சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன' என்று அவர் எடுக்கும் வகுப்புக்கு நல்ல பெயர் உண்டு. அந்த வகுப்பின் உரையைப் படிக்கும்படியாக எழுதிக் கொடுத்தவள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தவள். படித்த படிப்பு எதற்காவது உதவட்டும் என்று எழுதினேன்.

3. அந்த உரையின் சாரம் இது. இயந்திரம் பழுதாகி விழுவதைவிட, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும் விமானங்கள்தான் அதிகம். தெளிந்த வானத்தில் மட்டும் பறக்கப் பழகியவர் பார்த்துக்கொள்ளலாம் என்று மேகத்துக்குள் நுழைகிறார். சற்று நேரத்தில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகிறது. வீட்டுக்குப் போய்ச் சேரும் அவசரத்தில் இருக்கும் எரிபொருள் போதும் என்று ஒருவர் கிளம்புகிறார். நண்பர்களிடம் முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தாங்கும் எடைக்கு மேல் ஏற்றிக்கொள்கிறார் இன்னொருவர். கிளம்பியதும் எஞ்சின் நின்றுவிட்டால், எதிரே தெரியும் வயலில் இறக்காமல் ஓடுதளத்துக்கே திரும்பப் பார்க்கிறார் வேறொருவர்.

கடைசியாக, தாழ்வாகப் பறந்தபடி தரையில் இருக்கும் ஒன்றையே பார்த்துக்கொண்டு திரும்புகிறவர். பார்ப்பது கண்ணை விட்டு மறையாதிருக்கத் திருப்பத்தை இறுக்குகிறார். இறுக்க இறுக்க இறக்கைக்குத் தேவைப்படும் வேகம் கூடுகிறது. இருக்கும் வேகமோ குறைகிறது. ஒரு கட்டத்தில் ஒரு பக்கத்து இறக்கை காற்றில் நிற்காமல் கவிழ்கிறது. உயரத்தில் நடந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்துத் தப்பலாம். வீட்டு மாடிக்குச் சற்று மேலே நடந்தால் மீள இடமில்லை.

'மீள்வது கடினம்' என்றுதான் கணவர் சொல்லியிருந்தார். 'மீள இடமில்லை' என்று மாற்றியது நான். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பயம் வரட்டும் என்று நினைத்தேன். அந்த வரி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பயம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

4. கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதியிலும் எழுதப்படாதது என்பதால் அனைவரும் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். பறந்து திரும்பும் உறுப்பினர், இறங்குவதற்கு முன் தன் வீட்டுக்கு மேல் தாழ்வாக ஒரு வட்டம் அடிப்பார். மனைவி மாடிக்கு வந்து ஒரு துணியை ஆட்ட வேண்டும். 'வந்துட்டேன், அடுப்பைப் பத்த வை' என்று அவர் சொல்வதாகவும், 'சரி, வாங்க' என்று இவள் சொல்வதாகவும் பொருள். கைப்பேசி என்று ஒன்று வந்திருப்பதைக் கழகம் இன்னும் கவனிக்கவில்லை.

மனைவி வரவில்லை என்றால் இன்னொரு வட்டம். அது முதல் வட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். சத்தம் கேட்கவில்லையோ என்ற அக்கறைதான். கல்யாணமான புதிதில் எனக்கும் இது பிடித்திருந்தது. தெருவே அண்ணாந்து பார்க்க, ஒருவர் நமக்காக ஒரு விமானத்தையே சாய்த்துக்கொண்டு வருவது யாருக்குத்தான் பிடிக்காது.

5. சென்ற ஆண்டு, மரக்கடை வைத்திருந்த உறுப்பினர், நாங்கள் மரக்கடை அண்ணன் என்று அழைத்தவர், தம் வீட்டுக்கு மேல் வட்டமடித்தார். அவர் மனைவி, எங்களுக்கு மரக்கடை அக்கா, மாடிக்கு வரவில்லை. மறுபடியும் அடித்தார். அக்கா வரவில்லை. அடுத்த வட்டம் முடியவில்லை. பக்கத்துத் தெருவில், கார்கள் நிறுத்தும் வெற்றிடத்தில் விமானம் விழுந்தது.

தங்கள் அலுவலகத்தின் விசாரணை 'விமானியின் கணிப்புப் பிழை' என்று முடிந்தது. சரியான முடிவுதான். அந்த நேரத்தில் அவர் எதைக் கணித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அதில் இல்லை.

கழகத்தின் விசாரணை இன்னும் சுருக்கமானது. துக்கம் கேட்க வந்த வீட்டின் வராந்தாவிலேயே முடிந்துவிட்டது. "முதல் சுத்துலயே வந்து ஒரு கையை ஆட்டியிருந்தா மனுஷன் போயிருக்க மாட்டான்" என்றார் கழகத் தலைவர். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவரின் தாழ்ந்த குரல், அக்கா உட்கார்ந்திருந்த உள்ளறை வரைக்கும் கேட்டது.

6. பிறகு அஞ்சலிக் கூட்டம். மூன்று விமானங்கள் அண்ணன் வீட்டுக்கு மேல் தாழ்வாக வட்டமடித்துப் பூத்தூவின. தாழ்வாக வட்டமடித்து இறந்தவருக்குத் தாழ்வாக வட்டமடித்து மரியாதை. தீயில் இறந்தவருக்கு வீட்டைக் கொளுத்தி அஞ்சலி செலுத்தும் ஊர் ஏதாவது இருந்து, அங்கே தீயணைப்பு அலுவலரைத் தலைமை தாங்க அழைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இங்கே தங்களை அழைத்திருந்தார்கள். 'கட்டுக்கோப்பு' என்ற சொல்லைத் தாங்கள் இரண்டு மூன்று முறை பயன்படுத்தியதாக நினைவு. தாங்கள் கைதட்டியது சபை மரியாதைக்காக என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் தட்டினேன். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத் தட்டினேன்.

அக்காவை மாடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவர் நின்றால்தான் பறக்கிற பிள்ளைகளுக்கு மனசு ஆறும் என்று தலைவர் கேட்டுக்கொண்டாராம். நின்றார். எல்லாம் முடிந்தபின் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"புள்ளைக்குத் தலை துவட்டிக்கிட்டு இருந்தேன்டி. சத்தம் கேட்டுச்சு. ஈரத்தோட விட்டா சளி பிடிக்குமே, முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தேன். எப்படியும் இன்னொரு சுத்து வருவாருல்ல."

இதைத் தங்கள் கோப்பில் சேர்க்க இயலுமா என்று தெரியவில்லை. சேர்த்தால், கணிப்புப் பிழை என்ற தலைப்பின் கீழ் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

7. அன்று முதல் இந்த வட்டாரத்தின் வான் பாதுகாப்பில் நானும் ஒரு பொறுப்பு வகித்து வருகிறேன். எஞ்சின் சத்தம் கேட்டால் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிறேன். ஒரு முறை குழந்தையைச் சோப்பு நுரையோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப் படியில் வழுக்கினேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முழங்காலில் தையல். கணவர் வீட்டுக்கு வந்து கட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறக் கூடாதா என்று கடிந்துகொண்டார். பாதுகாப்பு விஷயத்தில் அவர் அலட்சியமானவர் என்று யாரும் சொல்ல முடியாது.

அவரிடம் பேசிப் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். பேசினேன். உங்கள் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறீர்களே என்றேன். அது கீழேயே பார்த்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு என்றும், தான் வேகமானியை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை என்றும் விளக்கினார். அதே மூச்சில், "ஆமா, இன்னைக்கு ஏன் தலையில துண்டு கட்டியிருந்தே? எண்ணெய் தேச்சிருந்தியா?" என்று கேட்டார்.

8. வரும் ஞாயிறு அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுப் பறப்பு. முதல் விமானத்தை என் கணவர் ஓட்டுகிறார். பின்னிருக்கையில் தலைவரும் பொருளாளரும். இருவரையும் ஒல்லி என்று அவர்களைப் பெற்றவர்கள்கூடச் சொன்னதில்லை. அவர்கள் மடியில் பூக்கூடைகள். முன்னிருக்கையில், அப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் மகள்.

அவள் இன்னும் மழலையர் வகுப்பு தாண்டவில்லை. முதல் பூவை ஒரு குழந்தை போட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்பது தலைவரின் யோசனை. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். இவள் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து, கிழித்த காகிதத்தைத் தரையில் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். "நான் வீட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்மா. அப்பாவும் பாப்பாராம்" என்று என்னிடம் சொன்னாள்.

9. இம்முறை மரக்கடை அக்கா மாடி ஏறப் போவதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளையோடு தங்கை வீட்டுக்குப் போகிறார். தலைவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சத்தம் கேட்டால் வந்துவிடுவார்கள், வருகிறவரை சுற்றுவோம், நமக்கென்ன அவசரம் என்று போன வாரக் கூட்டத்தில் அவர் பேசியதை என் கணவர் நெகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார்.

ஐயா, பூட்டிய வீட்டிலிருந்து யாரும் மாடிக்கு வரப் போவதில்லை. ஆகவே இந்த வட்டங்களுக்கு முடிவு என்று ஒன்று அவர்கள் திட்டத்திலேயே இல்லை. பாரம் ஏற்றிய விமானத்தில், ஆளில்லாத மாடியைத் தேடி, ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் இறுக்கித் திரும்புவார்கள். பக்கத்தில் என் மகள் கீழே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதைக் கணவரிடம் எடுத்துச் சொன்னேன். சற்று யோசித்தார். யோசித்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பிறகு சொன்னார்: "அப்ப ஒண்ணு பண்றோம், நம்ம வீட்டு மேலயே சுத்திடறோம். நீதான் கரெக்டா வந்துருவியே."

10. வீட்டளவில் செய்யக்கூடியதை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவளை விட்டுவிட்டு அவர் போவார். அவருக்கே காய்ச்சல் என்று என்னால் சொல்ல முடியாது, அவர் டாக்டர். நான் மாடிக்கு வராமல் இருந்தால் இன்னொரு வட்டம். வந்தால், இப்படியே அடுத்த வாரமும் வரலாம் என்று ஒரு தைரியம். வீட்டில் வழி தீர்ந்துபோனதால்தான் அலுவலகத்தை நாடுகிறேன். எனவே தாங்கள் தயவுசெய்து:

அ) ஞாயிற்றுக்கிழமைப் பறப்பைத் தடை செய்ய வேண்டும். கூட்டம் நடக்கட்டும். பூவை அண்ணன் படத்தின் முன் கையால் வைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

ஆ) குடியிருப்புக்கு மேல் தாழ்வாகப் பறக்கக் கூடாது என்று கழகத்துக்கு எழுத்தில் உத்தரவிட வேண்டும். 'கூடுமானவரை தவிர்க்கவும்' என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம். கழகத்தில் அதற்கு 'செய்யலாம்' என்று பொருள்.

இ) கழகத்தோடு உறவில்லாத ஒருவர் சோதித்துப் பார்க்கும் வரை என் கணவரின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். காரணம் எழுத வேண்டியிருந்தால் அவருடைய வகுப்புரையின் கடைசிப் பகுதியையே எடுத்துப் போடலாம்.

ஈ) அழைப்பிதழில் தலைமை என்று தங்கள் பெயருக்கு மேல் அச்சாகியிருக்கிறது. தாங்கள் வர இயலாது என்று சொன்னாலே பாதிப் பேருக்கு உற்சாகம் குறையும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. இப்படிப்பட்ட மனுக்களில், அனுப்பியது யார் என்பதை இரகசியமாக வைக்கும்படி கேட்பது வழக்கம் என்று அறிகிறேன். எனக்கு அது தேவையில்லை. உத்தரவிலேயே 'மனைவி அளித்த புகாரின் பேரில்' என்று குறிப்பிடலாம். அவர் கோபப்படுவார். கழகத்தில் எல்லோர் முன்னாலும் தலை குனியும்படி செய்துவிட்டாயே என்பார். அதன் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேச மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் உப்பு வேண்டுமென்றால்கூட, அம்மாவிடம் உப்பு கேள் என்று மகளிடம்தான் சொல்வார். அவள் என்னிடம் கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். அவள் வாங்கி அவரிடம் கொடுப்பாள்.

அந்த மாதங்களை எங்கள் மூவருக்கும் சனிக்கிழமைக்குள் வழங்க வேண்டுமென்று தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஓடுதளக் கிழக்குத் தெரு
நாள்: நினைவுப் பறப்புக்கு முந்தைய புதன்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
பல் மருத்துவரின் மனைவி